கழற்றித் தர மாட்டேன்

"கழட்டிக் குடுன்னா குடு. நீ இறங்கிப் போய் என்னத்தப் பார்த்துக் கிழிக்கப் போறே?"

படகில் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார் கணவர். மனைவி மணிக்கட்டை மூடிக்கொண்டார்.

"தர மாட்டேன்."

கடலுக்குள் முங்குகிறவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் அது. எவ்வளவு ஆழம், எவ்வளவு மெதுவாக மேலே வரணும் என்று சொல்லும். இருப்பதிலேயே சாதாரண ரகம், ஆளுக்கு ஒன்று வாங்கியிருந்தார்கள். பொத்தான் இரண்டு, விளக்கப் புத்தகம் நூற்றுப் பத்துப் பக்கம். 'நீண்ட நேரம் அழுத்தவும், ஆனால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம்' என்று எழுதிய புண்ணியவான் யாரோ!

அந்தம்மா பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினாராம், கடலடியில் கிடக்கும் ஒரு பழைய கப்பலைப் பார்க்கும் ஆசையில். ஐயா புத்தகத்தின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அவர் பிறவி நீச்சல்காரராம்.

பிறவி நீச்சல்காரர் காலையில் முதல் தடவை இறங்கி, கருவி கத்தக் கத்த விருட்டென்று மேலே வந்தார். அது 'இருபத்துநாலு மணி நேரம் இறங்கக் கூடாது' என்று காட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டது. அடுத்த தடவை இறங்குவதுதான் கப்பலைப் பார்க்க.

"கட்டின புருஷனுக்கு இதைக்கூட விட்டுத்தர மாட்டேங்கறாங்களே" என்றேன் பக்கத்திலிருந்த பல் டாக்டரிடம். அவர் உச்சுக் கொட்டினார்.

எங்களைக் கூட்டி வந்த வழிகாட்டியும் சேர்ந்துகொண்டார். "எல்லாம் ஒரே மாடல்தாம்மா. குடுத்துடுங்க, பிரச்சினை முடிஞ்சுது."

"நீங்க நாற்பத்தேழாம் பக்கம் படிச்சிருக்கீங்களா?"

வழிகாட்டி கடலைப் பார்த்தார்.

"இதுல இருக்கறது என் உடம்போட கணக்கு. இவர் வந்த வேகம் இதுக்குத் தெரியாது. இவர் கையில கட்டினா, தாராளமா இறங்கலாம்னு சொல்லும். நம்பி இறங்கினா ரத்தத்துல காத்து குமிழ் கட்டி, கை கால் விழுந்துடும். அந்த ஒரு பாரா புரியறதுக்கு ஒன்பது தடவை படிச்சேன்."

கணவர் பூட்டிக்கிடந்த தன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப அவரை உட்கார வெச்சிட்டு, நீங்க மட்டும் கப்பலைப் பார்த்துட்டு வரப்போறீங்க?"

அந்தம்மா முதுகிலிருந்த சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கை கால் மரத்துப் போகுதான்னு இவரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணுமாம். நாற்பத்தெட்டாம் பக்கம். நீங்க போயிட்டு வந்து, கப்பல் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."