சட்டையில் பாறைத்தூள்

"காலர்ல படவே இல்ல பாரு. இன்னுங் கொஞ்சம் பூசு மாப்ள!"

அருணகிரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்க, தீனதயாளன் மூட்டையிலிருந்து பாறைத்தூளை அள்ளி அவன் முதுகில் அப்பினான். சங்ககிரியில் தீனதயாளனின் போர்வெல் ரிக் வண்டி நிற்கும் கொட்டகை அது. போர் போட்டுவிட்டு வருகிறவன் மாவு மில்லிலிருந்து வருகிறவன் போல வெளுத்துத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

"எனக்கும் நல்லாப் பூசிவிடு. என்ற சம்சாரம் சரிதா சட்டையை மோந்து பாக்கற ஆளு" என்றான் தீனதயாளன்.

பத்து நாளாய் இருவரும் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருப்பதாகத்தான் வீட்டில் நினைப்பு. வண்டியையும் ஆட்களையும் அங்கே அனுப்பியது நிஜம். முதலாளிகள் மட்டும் இன்னும் இரண்டு ரிக்காரச் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் நமீபியாவுக்கு விமானம் ஏறிவிட்டார்கள்.

அங்கே வாடகைக்கு ஒரு ஜீப் எடுத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் கிளப்பினார்கள். வண்டி கொடுத்தவன் முழித்த முழியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். அப்புறம் தாங்களே மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் என்று ஒன்று விடாமல் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சொல்லியிருந்தால் ராசாத்தி தடுத்திருக்க மாட்டாள். "நானும் வாரேன்" என்றிருப்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அருணகிரி அவளைக் கூட்டிப்போன தூரதேசம் ஏற்காடு.

ஒரு சாயங்காலம் யானைக்கூட்டம் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது. குட்டி ஒன்று தாயின் கால்களுக்குள் புகுந்து புகுந்து ஓடியது. ராசாத்தி பார்த்தால் எப்படிச் சிரிப்பாள் என்று படம் எடுத்து, அனுப்பப் போய், அனுப்ப முடியாதே என்று போனை உள்ளே வைத்தான். அன்றைக்குப் பிடித்த உறுத்தல் விமானத்தில் கூடவே ஏறி வந்துவிட்டது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் ராசாத்தி ஓடி வந்தாள்.

"வாங்க, வாங்க. ஐயோ, வெயில்ல வெந்து போய் வந்திருக்கறீங்களே! எண்ணெய் காய்ச்சி வெச்சிருக்கறனுங்க. மொதல்ல தண்ணி வாத்துக்குங்க."

வழக்கமாக, வந்ததும் வராததுமாக எத்தனை அடி போச்சு, தண்ணி வந்துச்சா என்று துருவித் துருவிக் கேட்பாள். இன்று அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த அடிக்கணக்கு வீணாய்ப் போயிற்று. களைத்து வந்தவனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறாள் போலும்.

குளித்துவிட்டு வந்தபோதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கறுத்துப் போயிருந்தாள். மூக்கு நுனியில் தோல்கூட உரிந்திருந்தது.

"என்ன ராசாத்தி, இப்படி ஆயிட்ட?"

"அது வந்துங்க, மரவள்ளிக் கெழங்கு வெட்டு நடந்துதுங்களே. காட்டுல ஒரே வெயிலுங்க" என்றவள் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைக் கன்று காய்ந்து சருகாக நின்றது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றக்கூட நேரமில்லாமல் காட்டிலேயே கிடந்திருக்கிறாள் பாவி மகள். ஜீப்பில் ஏசி போட்டுக்கொண்டு தான் ஊர் சுற்றியதை நினைக்க அருணகிரிக்கு வெட்கமாக இருந்தது.

சந்தகையும் நாட்டுக்கோழிக் குழம்பும் பரிமாறினாள். ஈரலைத் தேடி எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"நல்லாச் சாப்புடுங்க. அங்க நேரத்துக்கு என்னத்தத் தின்னீங்களோ!"

அவ்வளவுதான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

"ராசாத்தி, இந்தச் சோத்தைத் திங்கற யோக்கியதை எனக்கில்ல. நான் சத்தீஸ்கர் போகவே இல்ல."

ஜீப், சிங்கம், யானைக்குட்டி, கடைசியில் காலையில் கொட்டகையில் பூசிக்கொண்ட பாறைத்தூள் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தான். ராசாத்தி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"தீனதயாளன் அண்ணனும் அங்க போகலீங்களா?"

"இல்ல. நாங்க நாலு பேருமே நமீபியாவுலதான் இருந்தோம். நீ இங்க வெயில்ல சாகறப்ப நான் அங்க வேடிக்கை பாத்துட்டு இருந்துட்டேன். திட்டறதுன்னா திட்டு. இப்படி நிக்காத."

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

அருணகிரி ஓடிப்போய் அவள் எதிரில் நின்றான். ராசாத்தியின் அண்ணன் வந்துவிட்டால் பேச்சு ஊரெல்லாம் போய்விடும்.

"யாருக்குப் போன் போடற? மச்சானுக்கு மட்டும் வேண்டாம் ராசாத்தி. உன் கால்ல வேணா விழறேன்."

அவள் அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மறுமுனையில் எடுத்ததும் படபடவென்று சொன்னாள்.

"சரிதாக்கா, இனிப் பயமே இல்லீங்க, கோவாவுல நாம எடுத்த போட்டோவெல்லாம் தாராளமா அனுப்புங்க!"