சுற்றுவழி

“அந்த ஆள் மட்டும் முடிவுக்கோட்டுப் பக்கம் வந்துடக் கூடாது, இடுன். பொண்ணு நடுங்கிப் போயிடுவா,” என்றார் பயிற்சியாளர் ரோல்ஃப், குரலைத் தாழ்த்தி.

பனிச்சறுக்குப் போட்டி பார்க்க வருகிறவர்களுக்கு, அவரவர் கால் வலுவுக்கும், யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதற்கும் ஏற்ப, காட்டுக்குள் நடக்க வழி போட்டு போனில் அனுப்புவது இடுனின் வேலை. ஆளை ஆளோடு சேர்த்துத்தான் பழக்கம். பிரிக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“பெத்த அப்பாதானே?”

“பெத்துட்டா போதுமா? அந்த மனுஷனோட கோபத்தை நான் பார்த்திருக்கேன்.”

சற்றுத் தள்ளி, குளிருக்கு ஒடுங்கிக்கொண்டு நின்றாள் சுன்னிவா. இருபது வயதுப் பெண், எலும்பும் தோலுமாக இருந்தாள். இடுன் எடுத்து நீட்டிய பன்னுக்குக் கை நீட்டியவள், ரோல்ஃபின் முகத்தைப் பார்த்துவிட்டு, “பசிக்கல” என்று கையை இழுத்துக்கொண்டாள். போட்டி பயம், பாவம் என்று நினைத்தாள் இடுன்.

அவர்கள் போன சற்று நேரத்தில் ஓட்வார் வந்தார். மீன்பிடிப் படகிலேயே காலம் தள்ளிய உடம்பு, சிவந்த முகம். வந்ததும் வராததுமாக இடுனின் மேசையில் ஓங்கித் தட்டினார்.

“வடக்கே ட்ரொம்சோ ஊர்லேர்ந்து வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்கேன். சுன்னிவா என் மக. அவ வந்து சேர்றப்ப நான் முடிவுக்கோட்டுல நிக்கணும். வழி போடு, தாயி.”

“அங்க ஒரே கூட்டமா இருக்குமே. ஏரிக்கு அந்தப் பக்கம் மேட்டுல நின்னா நல்லாத் தெரியும்.”

“நான் வேடிக்கை பார்க்க வரல. இது எங்க குடும்ப விஷயம். நீ வழியை மட்டும் காட்டு.”

ரோல்ஃப் சொன்னதில் தப்பே இல்லை, சரியான முரடன். இடுன் வாய் கூசாமல் பொய் சொன்னாள். “நேர் வழியை அடைச்சிட்டாங்க. ஏரியைச் சுத்திப் போனீங்கன்னா கரெக்டா முடிவுக்கோட்டுல இறங்கலாம்.”

“நீ சொன்னா சரி. எனக்கு இந்தக் காடு புதுசு,” என்றார் அவர். போனைப் பார்த்துக்கொண்டே முழங்கால் பனியில் விறுவிறுவென்று நடந்தார்.

மனசு கேட்காமல், போட்டி முடிகிற நேரத்துக்கு இடுனே முடிவுக்கோட்டுக்குப் போய் நின்றாள். நல்லவேளை, ஓட்வாரைக் காணோம். சுன்னிவா வந்து கோட்டைத் தாண்டியதும் பனியில் விழுந்தாள். எழுந்து, வேலியோரம் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“பயப்படாதே கண்ணு,” இடுன் அவள் காதோடு சொன்னாள். “உங்க அப்பாவை ஏரிக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டேன். இப்போதைக்கு வரமாட்டார்.”

சுன்னிவாவின் முகம் வெளிறிப்போனது. போர்வையை விரித்துப் பிடித்தபடி, சிரித்த முகமாக ரோல்ஃப் நெருங்கிக்கொண்டிருந்தார். அவள் இடுனின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“இவர்கிட்டேர்ந்து என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் அப்பாவை வரச் சொன்னேன்.”