இறக்க இடமில்லாத விறகு

மகன் முன்யோசனையாகச் சொல்லியிருந்த சிதை விறகை ஏற்றிக்கொண்டு மயில்சாமியின் பிக்கப் வேன் வந்து நின்றபோது, சாகக் கிடந்த கருப்பணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டுவிட்டார். வாசலில் இறக்கக் கூடாது என்றாள் மருமகள். பிணமில்லாமல் சுடுகாட்டில் இறக்கினால் அது வேறோர் உயிரைக் கேட்கும் என்றார்கள் ஊரார். சாவுக்குப் போன விறகைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

"மத்தியானம் கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏத்தோணுங்க. இதைத் தலையில சொமந்துட்டுத் திரியறதா?" என்று கத்தினான் மயில்சாமி.

சத்தம் கேட்டுக் கருப்பணனே சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். ஒரு கட்டையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு மகனை முறைத்தார்.

"பச்சை வெறகுடா. இது எப்புடி எரியும்? மாட்டுக் கொட்டாயில அடுக்கு, காயட்டும்."

மயில்சாமி வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டான். கட்டையைத் தொட யாரும் வரவில்லை. கருப்பணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.