குகை வாசல் விளக்குக் கடை

படுக்கையை விட்டு எழ முடியாத ரெஜினா, ஓர் இணைய விளையாட்டில் குகை வாசலில் விளக்குக் கடை வைத்திருந்தாள். அவள் செய்யும் விளக்கு கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அதனால் குகைக்குள் போனவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

பிறகு அந்த விளையாட்டை நடத்தும் கம்பெனி அதை இலவசமாக்கியது. நுழைகிற எல்லோருக்கும் அணையாத விளக்கு ஒன்று சும்மா கிடைத்தது. சுடருக்கு நிறம் வேண்டுமென்றால் மட்டும் கம்பெனிக்குக் காசு. ரெஜினா விலையைக் குறைத்தாள். அப்புறம் விலையே வேண்டாம் என்று எழுதி வைத்தாள். நீலமும் சிவப்புமாக வெளிச்சங்கள் அவள் கடையைத் தாண்டி ஓடின.

ஒரு சாயங்காலம் பழைய வாடிக்கைக்காரன் அமலன் வந்து நின்றான்.

"ஒரு விளக்கு குடுங்கக்கா."

"கையிலதான் ஒண்ணு எரியுதேப்பா?"

"அணைக்கத்தான் பாக்குறேன்க்கா. அணைய மாட்டேங்குது."