தையில் ஒரு நல்ல நாள்

"தையில ஒரு நாள் கிடைச்சால் போதும் ஐயா. இன்னொரு குளிரை எங்களால தாங்க ஏலாது" என்றாள் சிவனேஸ்வரி. சாத்திரியார் வீட்டுக்குள் வந்து கால்மணி நேரமாகியும் அவள் கழுத்துச் சால்வையை அவிழ்க்கவில்லை.

பக்கத்தில் இருந்த அவள் கணவர் விஜயரத்தினம் கையுறைகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். இரண்டு நாளாக அவருக்கு நித்திரை இல்லை. நாள் கிடைக்குமா, கிடைக்காதா? மிச்சச் சீவியம் எந்த ஊரில் என்பது இன்றைக்கு இந்த மனிதர் சொல்லப்போகும் ஒரு சொல்லில் இருந்தது.

சுப்பிரமணியன் சாத்திரியாரோ அவசரப்படுகிற ஆள் இல்லை. ஆர்ச்வே முருகன் கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, முப்பது வருடமாக லண்டன் தமிழருக்குக் கலியாணத்துக்கும் புது வீடு குடிபூரலுக்கும் நாள் வைத்துக் கொடுப்பவர். இரண்டு சாதகங்களையும் மேசையில் விரித்தார். கண்ணாடியைத் துடைத்தார். போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

டென்மார்க் குளிர் ஒத்துவரவில்லை என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன் லண்டனுக்கு வந்தவர்கள் இந்தத் தம்பதி. வந்த முதல் நவம்பரிலேயே லண்டன் குளிரையும் திட்டத் தொடங்கிவிட்டார்கள். டூட்டிங்கில் அவர்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணியோடு அதுவும் ஆரம்பமாகும். ஒருவர் தொடங்கினால் மற்றவர் விடமாட்டார். திட்டித் திட்டியே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு காணியை வாங்கி வீட்டையும் கட்டி முடித்துவிட்டார்கள். அங்கே நின்று கட்டுவித்த சிவனேஸ்வரியின் தம்பி பிரதாபன் கிழமைக்கு ஒரு தடவை போன் எடுத்து, எப்போது குடிபூரல் என்று கேட்டுக்கொண்டிருந்தான். தையில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு அப்படியே அங்கே தங்கிவிடுவதாகப் பேச்சு. டூட்டிங் வீட்டை வாங்க ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து பார்த்துவிட்டும் போய்விட்டது.

சாத்திரியார் பஞ்சாங்கத்தில் தை மாதத்தைத் திறந்தார். விரல் மெல்ல இறங்கி ஒரு கட்டத்தில் நின்றது. "தை பதினொண்டு..." என்று இழுத்தார்.

விஜயரத்தினத்தின் கையுறை பாதி விரலில் நின்றது.

"இல்லை. சரிவராது" என்றார் சாத்திரியார். விரல் நகர்ந்தது.

அப்படியானால் சித்திரையில் பார்க்கச் சொன்னாள் சிவனேஸ்வரி. பிறகு வைகாசியில். சாத்திரியார் எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினார். விஜயரத்தினத்துக்கு அட்டமத்துச் சனி நடக்கிறது, அது விலகாமல் புது வீட்டில் கால் வைப்பது குடும்பத்துக்கு ஆகாது, இரண்டு வருடம் பொறுக்கத்தான் வேண்டும் என்றார்.

விஜயரத்தினம் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அந்த அறையில் அவருக்கு மட்டும் வேர்த்திருந்தது.

"ஐயா வாக்கியப் பஞ்சாங்கம்தானே பார்த்தனீங்கள்?" என்றாள் சிவனேஸ்வரி திடீரென்று. "திருக்கணிதத்தையும் ஒருக்கால் பாருங்கோ."

யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு பஞ்சாங்கம். ஒன்றில் அகப்படாத நாள் மற்றதில் அகப்பட்டுவிடும். அப்படி ஒப்பேறிய கலியாணங்கள் எத்தனையோ. விஜயரத்தினம் இதை யோசித்திருக்கவே இல்லை. கையுறை ஒன்று கீழே விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

சாத்திரியார் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அலுமாரியிலிருந்து மற்றப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ரேடியேட்டர் கடகடவென்று ஒருமுறை சத்தம் போட்டு ஓய்ந்தது.

"இதிலயும் இல்லைத் தங்கச்சி."

சிவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். "என்ன செய்யிறது. இன்னும் ரெண்டு குளிர் நடுங்க வேணுமெண்டு எங்கட தலையில எழுதியிருக்கு" என்று எழுந்தாள். பிரதாபன் ஊரில் பார்த்துக்கொண்டிருப்பான், வெளியே நின்று அவனுக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடுகிறேன் என்று காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போனாள்.

வாசல் கதவு சாத்தியதுதான் தாமதம், விஜயரத்தினம் சாத்திரியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பெரிய உதவி ஐயா. நான் போனில கேட்டதை மறந்துபோய் ஒரு நாளைச் சொல்லிப்போடுவியளோ எண்டு எனக்கு உயிர் போட்டுது."

பிறகு அவரால் அடக்க முடியவில்லை. அந்த வெள்ளைக்காரர் வந்து இவர்கள் சமைக்கும் குசினியை அளந்த நாளிலிருந்து நெஞ்சு பதறுவதைச் சொன்னார். இரண்டு பஸ் தூரத்தில் இருக்கும் மகள் பிரியம்வதாவைச் சொன்னார். அறுபது வயதில் கிடைத்த ஓசிப் பஸ் பாஸைக்கூடச் சொன்னார்.

"குளிரைத் திட்டினது உண்மைதான். ஆனா இது நான் விரும்பி வந்த ஊர் ஐயா. இருந்து திட்டுறதுக்கும் எனக்கு இந்த ஊர்தான் வேணும். அவள்தான் பாவம், போகோணும் எண்டு ஒரே ஆசை. அவளிட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

சாத்திரியார் இரண்டு பஞ்சாங்கங்களையும் மூடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"நான் ஏன் தம்பி சொல்லப்போறன்" என்றார். "புதன்கிழமை தங்கச்சியும் தனிய வந்தவ. ரெண்டு பஞ்சாங்கத்திலயும் நாள் இல்லையெண்டு சொல்லச் சொல்லி அழுதுபோட்டு, போகேக்க இதையேதான் சொன்னவ, இவரிட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டு."