தலைவர் சொன்னால் சொன்னதுதான்

"ஓட்டெடுப்பெல்லாம் எதுக்கு? நான் முடிவு பண்ணிட்டேன். பொண்ணுங்களுக்கு நம்ம கிளப்ல இடம் இல்ல."

ரெமிஜியஸ் மேஜையை ஓங்கித் தட்டினார். டீ கிளாஸ்கள் குதித்தன.

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒரு கால்பந்து கிளப்பின் கமிட்டிக் கூட்டம் அது. தலைவர் ரெமிஜியஸையும் சேர்த்து ஏழு பேர். கமிட்டியில் இருந்த ஒரே பெண்ணான மகா, பெண்கள் அணி ஒன்று தொடங்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்திருந்தாள். அந்தத் தெருப் பெண்கள் வண்டி நிறுத்துமிடத்தில் செங்கல்லை கோல் போஸ்ட்டாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கால்பந்துப் போட்டிக்குப் பெயர் கொடுக்க மறுநாள்தான் கடைசி.

அதுவரை பேச்சு மகாவுக்குச் சாதகமாக இல்லை. செயலாளர் டேரில் மட்டும்தான் அவள் பக்கம்.

"நம்ம பசங்க பிராக்டிஸ் கெட்டுடும்" என்றார் உத்தமன்.

"டிரெஸ் மாத்த ரூம் எங்க இருக்கு?" என்றார் வெங்கடசுப்ரமணியன். மற்ற இருவரும் அவர்களுக்குத் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் தலைவர் மேஜையைத் தட்டியது.

உத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? அப்ப நாங்க எதுக்கு வந்தோம், டீ குடிக்கவா?"

"டீ ஆறிப்போகுது. குடிங்க."

"அங்கிள், இது கமிட்டி பேசி முடிவு பண்ண வேண்டிய விஷயம்" என்றான் டேரில்.

"தலைவர் நானா, நீயா? வேணாம். பேடா. நோ. இன்னும் எந்த பாஷையில சொல்லணும்?"

வெங்கடசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல் மனிதர். "சார், நம்ம விதிப்படி தலைவர் கூட்டத்தை நடத்தலாம். ஓட்டு சமமா வந்தா இன்னொரு ஓட்டு போடலாம். கமிட்டி முடிவைத் தடுக்கிற அதிகாரம் அவருக்குக் கிடையாது."

"இந்த நாற்காலியில நான் இருக்கிற வரைக்கும் நான் சொன்னதுதான் விதி!"

அவ்வளவுதான். உத்தமன் எழுந்தே விட்டார்.

"இது கிளப்பா, உங்க வீட்டு ஹாலா? டேரில், ஓட்டுக்கு விடுப்பா!"

"விடுங்க, விடுங்க. பசங்க பிராக்டிஸ் என்ன ஆகும்?" என்று சீண்டினார் தலைவர்.

"ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்திருக்கட்டும். தேய்ஞ்சா போயிடுவாங்க?"

"டிரெஸ் மாத்த ரூம்?"

"தகரம் அடிச்சு நான் கட்டித் தரேன், சார்" என்றார் வெங்கடசுப்ரமணியன். கோர்ட்டில்கூட அவர் அப்படிக் கோபப்பட்டதில்லை.

ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவாக ஆறு கைகள் உயர்ந்தன. எதிராக ஒரே கை, தலைவருடையது.

"தீர்மானம் நிறைவேறியது" என்று டேரில் சொன்னதும் ஒரே கைதட்டல். மகா கண்ணைத் துடைத்துக்கொண்டே, பெண்களுக்குப் போன் போட வெளியே ஓடினாள். ரெமிஜியஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

டேரிலுக்கு மனசு கேட்கவில்லை. ஜெயித்தது சந்தோஷம்தான். ஆனாலும் வயசான மனுஷனை எல்லோருமாகச் சேர்ந்து அப்படிப் பேசியிருக்க வேண்டாம். பேக்கரியில் தேங்காய்ப்பூ வைத்த தில்பசந்த் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே பாட்டுச் சத்தம். ரெமிஜியஸ் தன் மனைவி கேரலுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்.

டேரில் வாசலிலேயே நின்றான். "அங்கிள்... ஸாரி சொல்லலாம்னு வந்தேன்."

"ஸாரியா? எதுக்குடா? உள்ள வா. கேரல், இவனுக்கும் கொஞ்சம் திராட்சை ஒயின் ஊத்து. நம்ம பொண்ணுங்க போட்டிக்குப் போறாங்க!"

"நம்ம பொண்ணுங்களா? நீங்கதானே வேணவே வேணாம்னீங்க?"

கேரல் மூச்சு வாங்கச் சிரித்தாள். "கிரவுண்டுக்கு லைட் கேட்டார், ஓட்டுல தோத்தார். கோச் வேணும்னார், அதுலயும் தோத்தார். அந்தப் பொண்ணுங்க ஆடறதை தினமும் நின்னு பார்த்துட்டு வர்ற ஆளு, இதுல மட்டும் தோக்க மாட்டேன்னார்."

ரெமிஜியஸ் தில்பசந்தை எடுத்து ஒரு கடி கடித்தார்.

"தலைவருக்கு இருக்கிறது ஒரே ஓட்டு, டேரில். அதை ஆதரவாப் போட்டிருந்தா மொத்தம் மூணுதான் தேறியிருக்கும். எதிராப் போட்டேன், ஆறு கிடைச்சுது!"