தமிழரசு சஸ்பெண்ட்

"ஏனுங்க, புள்ளையோட வாழ்க்கைங்க இது. வெளையாடற நேரமா?" என்றாள் சாரதாமணி.

அவள் கேட்டதில் தப்பில்லை. மகள் வெண்ணிலாவுக்கு டெல்லியில் வேலை கிடைத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் பேசுவதை உடனுக்குடன் தமிழில் சொல்கிற வேலை. வருகிறாளா, இல்லையா என்று இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதைப் பேசி முடிவெடுக்க எல்லோரும் கூடினால், அப்பா அர்த்தநாரி நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, "இந்தச் சபைக்கு நான்தான் சபாநாயகர்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியை விற்றதிலிருந்து டிவியில் நாடாளுமன்றம் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

அவருடைய அக்கா சௌந்திரம் எருமப்பட்டியிலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்திறங்கிவிட்டார். தம்பி கல்யாணத்தில் உடன்பிறந்தவளுக்கே உரிய இணைச்சீர்ச் சடங்கைச் செய்தவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். போதாததற்கு, அவர் மகள் மைதிலியைத்தான் வெண்ணிலாவின் அண்ணன் தமிழரசுக்கு வருகிற தையில் கட்டப்போகிறார்கள்.

"டெல்லியெல்லாம் வேண்டாம்" என்றார் அக்கா. "நானும் டிவி பாக்கறேன். நேத்துக்கூட கத்திக் கூப்பாடு போட்டவங்களை சபாநாயகர் வெளிய தள்ளுனாரு."

"அது செரிங்களாக்கா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"செரிதான். கத்தறவனுக்கு என்ன ஓட்டு? நல்லா வேணும். அந்த எடத்துக்கா புள்ளைய அனுப்பறது?"

"அப்ப ஓட்டெடுப்பு வெச்சரலாம். அதே சட்டந்தான் இங்கயும்."

"உங்க ஓட்டு எங்கன்னுதான் ஊருக்கே தெரியுமே" என்று முணுமுணுத்தாள் சாரதாமணி.

"சபாநாயகர் ஓட்டுப் போடமாட்டாரு. ரெண்டு பக்கமும் சமமா நின்னா மட்டுந்தான் போடோணும்."

சாரதாமணி யோசித்தாள். தானும் மகளும் ஒரு பக்கம். அக்காவும் தமிழரசும் மறுபக்கம். வருங்கால மாமியாரை விட்டு அவன் எங்கே வரப்போகிறான்? சமமாகிவிடும். அப்புறம் இவர் என்றைக்கு அக்கா பேச்சைத் தட்டியிருக்கிறார்? ஜன்னல் வழியே மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

'டண்' என்று சத்தம். தமிழரசு தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டு எழுந்தான்.

"அனுப்ப முடியாது! முடியாது! அத்தை சொன்னதுதான் முடிவு!"

வெண்ணிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்கு நான் என்னண்ணா பண்ணுனேன்?"

"உறுப்பினர் உட்காரவும்" என்றார் அர்த்தநாரி.

"அநியாயம்! அநியாயம்!"

"மறுபடியும் சொல்றேன், உட்காரவும்."

அவன் அப்பாவின் மூக்குக்கு நேராக வந்து நின்று தட்டை அடித்தான். "சபாநாயகர் ஒழிக!"

"தமிழரசு சஸ்பெண்ட். வெளிய போ. ஓட்டுக் கெடையாது."

அவன் "அத்தை வாழ்க!" என்று கத்திக்கொண்டே கொல்லைப் பக்கம் போனான்.

அக்கா பதறிவிட்டார். "அட தம்பி, அவன் என்ற பக்கமல்லோ!"

"நான் என்னங்கக்கா பண்றது? கத்தறவனுக்கு என்ன ஓட்டுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. உங்க பேச்சை நான் எப்பத் தட்டியிருக்கேன்?"



போகலாம் என்று அம்மாவும் மகளும் கை தூக்கினார்கள். கூடாது என்று அக்கா மட்டும். அர்த்தநாரி மேசையைத் தட்டினார். "தீர்மானம் நிறைவேறியது."

"ஆகட்டும் சாமி, போயிட்டு வா" என்றார் அக்கா. "அங்க குளுருமாம். நல்ல போர்வையா எடுத்துக்க." பிறகு பெருமையாகத் தலையை ஆட்டினார். "என்ன இருந்தாலும், என்ற மருமகன் எனக்காவ எப்படிக் கத்துனான் பாத்தீங்களா!"

வெண்ணிலாவுக்கு அண்ணன் மேல் ஆத்திரம் அடங்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டுமென்று கொல்லைக்குப் போனாள். அவளுக்கு முன்பே அப்பா அங்கே நின்றிருந்தார், கையில் சுடுதண்ணீர் டம்ளரோடு.

தமிழரசு அதை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கரகரத்தான்.

"ஒரு தடவை கத்துனாப் போதும், வெளிய தள்ளிடறேன்னு சொன்னீங்களேப்பா! தொண்டையே கட்டிக்கிச்சு!"